படிக்கும் முறைக்கென்று தனிப் பயிற்சி தேவையா?

பிளஸ் ஒன் மாணவனின் தாய்:
என் மகனுக்குப் பாடம் நன்றாகப் புரிகிறது. ஆனால், வேதியியல் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது முந்தைய நாள் இரவு பதினோரு மணிக்குத்தான் அவனுக்கு நினைவு வருகிறது. திட்டமிடல், நேரப் பங்கீடு போன்றவற்றை வாரம் ஒரு மணி நேரம் கற்றுத்தரும் பயிற்சி ஒன்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். டியூஷனுக்கு மேல் இதுவும் வேண்டுமா?

வேதியியல் ஆசிரியர்:
வேண்டாம் என்பதே என் கருத்து, அம்மா. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது பத்தியைத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே எழுதும் ஸ்லிப் டெஸ்ட் செய்வதும் இதைத்தான். சேர்மங்களுக்குப் பெயரிடும் ஐயுபிஏசி முறையைப் படிக்கும்போதே அதை எப்படிப் படிப்பது என்பதையும் பழக்கிவிடலாம். பாடத்திலிருந்து பிரித்தெடுத்த திறன் பாடத்துக்குத் திரும்பி வருவதில்லை. செயல்நினைவுப் பயிற்சிகளை, அதாவது தகவலைச் சற்று நேரம் மனதில் வைத்துக் கையாளும் திறனுக்கான பயிற்சிகளை, தொகுத்து ஆராய்ந்த மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரின் 2013ஆம் ஆண்டுக் கட்டுரையும், அப்பயிற்சிகளின் பலன் கணக்குக்கோ வாசிப்புக்கோ கடந்து செல்லவில்லை என்றே காட்டியது.

பயிற்றுநர்:
ஐயா குறிப்பிடும் கட்டுரை கணினித் திரையில் செய்யும் நினைவுப் பயிற்சிகளைப் பற்றியது. என் வேலை புத்தகப் பையிலிருந்து தொடங்குகிறது. சென்ற மாதம் ஒரு மாணவனின் பையைக் கொட்டச் சொன்னேன். அடியில் கசங்கிக் கிடந்த சர்க்குலர்களோடு, பாதியில் நின்றுபோன மூன்று கால அட்டவணைகளும் வந்து விழுந்தன. ஒரு சோதனையை ரெக்கார்டில் எழுத எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். பத்து நிமிடம் என்றான். கடிகாரத்தை எதிரில் வைத்து எழுதச் சொன்னேன். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. சோம்பேறி என்று வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைக்கு இருந்த கோளாறு இவ்வளவுதான். நெற்றிக்குப் பின்னால் இருந்து திட்டமிடலைக் கவனிக்கும் மூளைப்பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. ஸ்லிப் டெஸ்ட் என்றைக்கு என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். மணியைப் பள்ளி அடிக்கிறது. நாளை கல்லூரி விடுதியில் இவ்விரண்டும் இல்லாதபோது அவன் என்ன செய்வான்?

வேதியியல் ஆசிரியர்:
கடிகார விஷயத்தை ஏற்கிறேன்; நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவனையும் அப்படிக் கவனிக்க என்னால் முடிந்ததில்லை. ஆனால், பள்ளி மணிக்குப் பதிலாக உங்கள் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டால் என்ன மாறிவிடப் போகிறது? வாரந்தோறும் நினைவூட்ட ஒருவர் காசுக்குக் கிடைக்கும்வரை, அவன் எதையும் தானாக நினைவில் வைக்கப் போவதில்லை. அந்தக் காசும் இல்லாத வீடுகளைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

பயிற்றுநர்:
நியாயமான கேள்வி. நான் முதல் மாதம் மாணவனோடு அமர்ந்து அட்டவணை போடுகிறேன். அடுத்த மாதம் அவனே போட்டு அனுப்புகிறான். மூன்றாம் மாதம் அவனாகக் கேட்டால் மட்டுமே பார்க்கிறேன். எல்லாப் பயிற்றுநர்களும் இப்படி விலகிக்கொள்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

பிளஸ் ஒன் மாணவனின் தாய்:
இயற்பியல் வரைபடம் ஒன்றுக்கு எவ்வளவு நேரமாகும் என்று நேற்று அவனிடம் கேட்டேன். கால் மணி நேரம் என்றான். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவனே கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியில் சேர்ப்பதைத் தள்ளிவைத்திருக்கிறேன். அப்படியே சேர்த்தாலும், எந்த மாதம் நிறுத்துவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.