மறுமொழி: ‘கன்டென்ட் டைப்’: உள்ளடக்க வகையா, பதிவினமா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இணையதளத்தில் இடும் ஒவ்வொரு விதமான பொருளுக்கும் என்னென்ன விவரம் வேண்டும் என்று வகுத்து வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. இணையதளம் அமைக்கும் மென்பொருள்களில் ட்ரூபல் அதை ‘கன்டென்ட் டைப்’ என்றும் வேர்ட்பிரஸ் ‘போஸ்ட் டைப்’ என்றும் அழைக்கின்றன. அதற்குத் தமிழில் ‘உள்ளடக்க வகை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவின் ஐயா ஒருவர் சென்ற மடலில் எழுதியிருந்தார். அகராதிப்படி அதில் பிழையில்லை. ஆனால் காரைக்குடியைச் சுற்றியுள்ள சிறு தொழில்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கிறவன் நான். அந்தச் சொல் வேலை நடக்கும் இடத்தில் தடுக்கி விழுவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை ஒன்று. அவர்களுடைய பழைய தளத்தில் ஒவ்வொரு கல்லும் ஒரு வலைப்பதிவுபோல எழுதப்பட்டிருந்தது. அளவு, நிறம், விலை எல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடந்தன. விலை ஏறினால் பக்கம் பக்கமாகத் திறந்து திருத்த வேண்டும். பச்சை நிறத்தில் பத்து அங்குலக் கல் எவையெவை என்று வாடிக்கையாளர் தேடினால் தளத்துக்குப் பதில் தெரியாது. அதற்கு எல்லாமே வெறும் எழுத்துதான். நான் ‘கல்’ என்பதைத் தனியாக அமைத்து, அளவு, நிறம், ஓரக்கல்லா நடுக்கல்லா, சதுர அடி விலை என்று ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தனிக் கட்டமாக, அதாவது புலங்களாக, பிரித்துக் கொடுத்தேன். 2010இல் வேர்ட்பிரஸ் 3.0 வந்தது முதல் இது எளிதாகிவிட்டது. ட்ரூபலில் அதற்கு முன்பே இந்த வசதி உண்டு.

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. திரையின் ஓரத்தில் ‘உள்ளடக்க வகை’ என்று எழுதி வைத்தேன். அதற்குக் கீழே, பூ வேலைப்பாடு, கட்டம் என்று கற்களைத் தொகுக்கும் ‘வகை’, ஆங்கிலத்தில் ‘கேட்டகரி’. பட்டறைக்காரர் புதிய தொகுப்பு ஒன்றைச் சேர்க்கப் போனபோதெல்லாம் மேலே உள்ளதையே திறந்தார். இரண்டிலும் ‘வகை’ இருந்தால் அவர் வேறென்ன செய்வார்? குற்றம் சொல்லின் மீதுதான். ‘டைப்’ வேறு, ‘கேட்டகரி’ வேறு. முன்னது ஒரு பொருளுக்கு என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னது ஏற்கெனவே உள்ளவற்றைக் கூறுபோடுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது தமிழுக்கு நாம் செய்யும் நன்மை ஆகாது.

அவருக்கு விளக்க அவருடைய தொழிலிலிருந்தே எடுத்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்களில் நிறம் கலந்த சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். எந்தக் கண்ணுக்கு எந்த நிறம் என்பது கல்லுக்குக் கல் மாறும், அச்சு மாறாது. “அந்த அச்சுதான் இது” என்றேன். நொடியில் பிடித்துக்கொண்டார். அதனால் ‘உள்ளடக்க அச்சு’ என்றே முன்மொழியலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனம் அதில்தான் ஒட்டியது. ஆனால் அதே திரையில் ‘அச்சிடு’ என்ற பொத்தான் இருக்கிறது. கணிதத்தில் வேறு அச்சு இருக்கிறது. பக்கத் தோற்றத்தைக் குறிக்கும் ‘வார்ப்புரு’வும் ஏறக்குறைய இதே உவமைதான். வருத்தத்தோடு விட்டுவிட்டேன்.

வழி காட்டியவர் பலகாரம் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஓர் ஆச்சி. மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் ஒவ்வொன்றுக்கும் எடை, எத்தனை நாள் தாங்கும், நெய்யா எண்ணெயா என்று ஏட்டில் பத்தி பிரித்து வைத்திருக்கிறார். அதே ஏட்டில் வாடிக்கையாளர் விவரத்துக்கு வேறு பத்திகள். பலகாரம் ஓர் இனம், ஆட்கள் ஓர் இனம், இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் கணக்கு நிற்காது என்றார். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கடை நடத்திய ஊர்களின் பழக்கம் இது. சிட்டையில் வந்ததை வந்தபடி எழுதி, பேரேட்டில் பெயர்வாரியாகப் பிரித்து, பிறகு ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்தவர்கள். தரவைப் பிரித்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆகவே என் முன்மொழிவு: பதிவினம். செலவு + இனம் = செலவினம் என்று அரசு வரவு செலவுத் திட்டத்தில் நாம் அன்றாடம் படிக்கிறோம். பதிவு + இனம் = பதிவினம் அதே வாய்ப்பாட்டில் வருகிறது. ஐந்தே எழுத்து, சிறிய கைப்பேசித் திரையிலும் அடங்கும். ‘புதிய பதிவினம்’, ‘பதிவினத்தை நீக்கு’, ‘பதிவினங்கள்’ என்று எங்கே வைத்தாலும் வளைகிறது. ‘கேட்டகரி’க்குப் ‘பகுப்பு’ இருக்கட்டும். ‘ஃபீல்டு’க்குப் ‘புலம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். நாமே அமைத்துக்கொள்வதை, அதாவது ஆங்கிலத்தில் ‘கஸ்டம்’ என்பதை, ‘தனிப்பயன்’ என்று இழுக்காமல் ‘சொந்தப் பதிவினம்’ எனலாம். இதைவிட நல்ல அடைமொழி யாரிடமாவது இருந்தால் உடனே ஏற்றுக்கொள்வேன்.

‘இனம்’ என்றாலே மக்களினம்தான் நினைவுக்கு வரும் என்று அம்மையார் ஒருவர் தனிமடலில் எச்சரித்தார். அது எனக்கும் உறுத்தியது. உயிரினம், பயிரினம், செலவினம் என்று பின்னொட்டாக வரும்போது அந்த நெருடல் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் இது தமிழ்நாட்டுக் காது மட்டும் முடிவு செய்யக்கூடியதல்ல. இலங்கையிலிருந்து எழுதும் நண்பர்கள் ‘பதிவினம்’ தங்கள் செவிக்கு எப்படி ஒலிக்கிறது என்று தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன். அதுவரை பட்டறையின் திரையில் இந்தச் சொல்லை வைத்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து