டிஸ்னி வேர்ல்ட்: பல பூங்காச் சீட்டுக்கு மேலதிகப் பணம் கொடுப்பது பயன் தருமா?

உட்துறைமுக வீதி:

வணக்கம். வரும் ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வீட்டில் ஒரு கிழமை நின்றுவிட்டு, அவர்கள் குடும்பத்துடன் சேர்ந்து புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாட்கள் போக ஆயத்தமாகிறோம். எங்கள் பக்கம் ஐந்து பேர்: நான், மனைவி, 11 வயது மகள், 5 வயது மகன், 68 வயது அம்மா. தங்குமிடச் செலவை அக்காவும் அத்தானும் ஏற்றுக்கொள்கிறார்கள். எங்கள் நுழைவுச்சீட்டு எங்கள் பொறுப்பு. அங்கே 10 வயது தொடங்கியதுமே பெரியவர்களுக்குரிய கட்டணம் என்பதால் நான்கு பெரியவர் சீட்டும் ஒரு சிறுவர் சீட்டும் எடுக்க வேண்டும்.

மஜிக் கிங்டம், எப்கொட், ஹொலிவூட் ஸ்ரூடியோஸ், அனிமல் கிங்டம் என அங்கே நான்கு பூங்காக்கள் உள்ளன. சாதாரணச் சீட்டில் ஒரு நாளைக்கு ஒரு பூங்காவுக்குள் மட்டுமே போகலாம். பார்க் ஹொப்பர் என்ற மேலதிகத்தைச் சேர்த்தால் ஒரே நாளில் நான்குக்கும் மாறி மாறிப் போகலாம். இவ்வளவு தூரம் வந்து ஒரு பூங்காவுக்குள் அடைபட்டுக் கிடப்பதா என்று அக்கா எல்லோருக்கும் ஹொப்பரே எடுக்கச் சொல்கிறார். நான்கு நாள், நான்கு பூங்கா என்று கணக்குச் சரியாகப் பொருந்தும்போது மேலதிகம் எதற்கு என்று எனக்குப் படுகிறது. போய் வந்தவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பாலையூற்று வாசகர்:

தம்பி, உங்கள் கணக்கே சரி. நான் கனடாவில் இருந்த காலத்தில் இரண்டு தடவை அங்கே போயிருக்கிறேன்; முதல் தடவை ஹொப்பருடன், இரண்டாம் தடவை அது இல்லாமல். இரண்டாவது பயணத்தையே எங்கள் வீட்டில் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூருகிறார்கள்.

அந்த வளாகம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற இரண்டு பூங்காக்களுக்கு இடையில், வாசலுக்கு நடந்து, பேருந்துக்குக் காத்திருந்து, இறங்கி, மறுபடியும் பைகளைச் சோதனைக்குக் கொடுத்து உள்ளே போவதற்குள் ஒரு மணித்தியாலம் கழிந்துவிடும். பேருந்தில் ஏற வேண்டுமானால் குழந்தை வண்டியை மடிக்க வேண்டும். என் இளைய மகன் வண்டியில் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். அவனைத் தூக்கித் தோளில் போட்டு, வண்டியில் தொங்கிய பைகளையெல்லாம் கழற்றி மனைவியிடம் கொடுத்து, வண்டியை மடித்து ஏறியபோது அவனுடைய ஒரு சப்பாத்து தரிப்பிடத்திலேயே விழுந்துவிட்டது. மற்றப் பூங்காவின் வாசலில்தான் அதைக் கவனித்தோம். அவன் அன்று மாலை முழுவதும் அழுதபடியே இருந்தான்.

அம்மாவையும் நினைத்துப் பாருங்கள். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, மான்கள் படுத்திருக்கும் மரநிழலில் இரண்டு தடவை இருந்து போகிறவர்தானே எங்கள் அம்மாமார்? பூங்காவில் வாடகைக்குச் சக்கர நாற்காலி எடுக்கலாம். ஆனால் அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அடுத்த பூங்காவுக்குப் போனால் அங்கே மீண்டும் ஒன்றைக் கேட்டு நிற்க வேண்டும்.

நிலாவெளிக் கடற்கரை:

மேலே எழுதிய அண்ணாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் நான்கு நாள், நான்கு பூங்கா என்ற கணக்கு, நான்கும் ஒரே அளவானவை, ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடுகின்றன என்று எடுத்துக்கொள்கிறது. உண்மை அப்படியில்லை. அனிமல் கிங்டம் பெரும்பாலும் மற்றவற்றைவிட முன்னதாகவே மூடப்படும். அங்கே விலங்குகளைப் பார்க்கும் வாகனச் சவாரிக்கும் காலைப்பொழுதே நல்லது. இரவில் வாணவேடிக்கையும் கிடையாது. விடிய அங்கே போகிற குடும்பம் மூன்று மணிக்கெல்லாம் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிடும். எப்கொட்டிலோ நிலைமை நேர்மாறு: ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் மண்டபங்கள் இருக்கும் பகுதி காலை 11 மணிக்குத்தான் திறக்கும், அதன் அழகு விளக்கேற்றிய பிறகே தெரியும். காலையில் ஒன்றும் மாலையில் மற்றதுமாகப் போனால் அரைநாள் வீணாகாது. கட்டிய காசுக்கு நான்கு மாலைகள் கிடைக்கும்போது அவற்றில் ஒன்றை ஹோட்டல் அறையில் கழிப்பதுதான் எனக்கு வீண்செலவாகத் தெரிகிறது.

போக்குவரத்தும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மஜிக் கிங்டத்தில் இருந்து எப்கொட்டுக்கு மோனோரெயிலில் இடையில் ஒருமுறை மாறிப் போகலாம், அதில் குழந்தை வண்டியை மடிக்கத் தேவையில்லை. எப்கொட்டுக்கும் ஹொலிவூட் ஸ்ரூடியோஸுக்கும் இடையில் படகும், 2019 முதல் ஸ்கைலைனர் என்ற கம்பிவண்டியும் ஓடுகின்றன. விரும்பினால் நடந்தும் போகலாம். பேருந்தை மட்டுமே நம்ப வேண்டியது அனிமல் கிங்டத்துக்குத்தான்.

பாலையூற்று வாசகர்:

தங்கச்சி, நீங்கள் விதந்துரைக்கிற முதல் மாற்றமே அனிமல் கிங்டத்தில் இருந்து எப்கொட்டுக்கு, அதாவது பேருந்தை மட்டுமே நம்ப வேண்டிய வழியில். அதையும் கவனியுங்கள்.

ஆகஸ்ட் மாதத்துப் புளோரிடாவில் பிற்பகலில் இடிமழை வழக்கம். மின்னல் நெருங்கினால் வெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்துவார்கள், ஸ்கைலைனரையும் நிறுத்துவார்கள். நீங்கள் மாறிப் போக நினைக்கிற நேரமும் அந்த நேரமும் ஒன்றுதான்.

இன்னொன்று, நேர வித்தியாசம். புளோரிடாவில் மாலை 6 மணி என்றால் திருகோணமலையில் மறுநாள் விடிகாலை 3.30. அந்த நேரத்தில் 5 வயதுப் பிள்ளையை இரண்டாவது பூங்காவின் வரிசையில் நிறுத்தி வைப்பது நியாயமா?

நிலாவெளிக் கடற்கரை:

நேர வித்தியாசத்தைப் பற்றிச் சொன்னது இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது. அவர்கள் முதலில் ஒரு கிழமை ரொறன்ரோவில் நிற்கப் போகிறார்கள். ரொறன்ரோவுக்கும் புளோரிடாவின் அந்தப் பகுதிக்கும் ஒரே நேரம்தான். அதற்குள் உடம்பு பழகிவிடும்.

மழையைப் பற்றிச் சொன்னது உண்மை. எங்களுக்கும் அப்படி நடந்தது. மஜிக் கிங்டத்தில் இரண்டரை மணிக்கு வானம் கறுத்தது, வெளியில் ஓடுகிற சவாரிகளையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஹொப்பர் இருந்தபடியால் மழை சற்று ஓய்ந்ததும் எப்கொட்டுக்குப் போனோம், பெரிய மீன் தொட்டிகள் இருக்கும் கட்டடத்துக்குள் மழை விடும்வரை நின்றோம். கடலாமை ஒன்று கண்ணாடியோடு ஒட்டி நீந்தி வந்தபோது, எங்கள் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவில் நாங்கள் பார்த்ததுதான் இங்கேயும் வந்திருக்கிறது என்று என் மகள் உறுதியாகச் சொன்னாள். ஒரு பூங்காச் சீட்டு மட்டும் இருந்திருந்தால் கடைத் தாழ்வாரத்தில் நனைந்தபடி நின்றிருப்போம்.

உவர்மலை மாலை:

நான் பரிஸில் உள்ள டிஸ்னிலாண்டுக்கு மட்டும் போயிருக்கிறேன். அங்கே 1992இல் திறந்த பூங்காவும் 2002இல் திறந்த பூங்காவும் ஒன்றுக்கொன்று எதிரே இருக்கின்றன, சில நிமிட நடையில் மாறிவிடலாம். ஒரு நாளுக்கு மட்டும் போன எங்களுக்கு இரு பூங்காச் சீட்டு முழுமையாகப் பயன்பட்டது. நடைதூரத்தில் இருந்தால் எடுக்கலாம், வாகனம் ஏற வேண்டுமானால் யோசிக்கலாம் என்பது என் எண்ணம்.

புளோரிடாவிலேயே யுனிவர்சல் பக்கமும் போவீர்களா? அங்கே யுனிவர்சல் ஸ்ரூடியோஸ், ஐலண்ட்ஸ் ஒஃப் அட்வென்ச்சர் ஆகிய இரண்டுக்கும் இடையில் ஓடும் ஹொக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற இரண்டு பூங்காவுக்கும் செல்லுபடியாகும் சீட்டு கட்டாயம். மகளுக்கு அந்த ரயில் மீது ஆசை இருந்தால் அங்கே யோசிக்க எதுவும் இல்லை.

உட்துறைமுக வீதி:

யுனிவர்சலுக்கு இந்தமுறை போகவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: இப்போது சாதாரணச் சீட்டை எடுத்துவிட்டு, அங்கே போன பிறகு மனம் மாறினால் என்ன செய்வது?

பாலையூற்று வாசகர்:

அங்கே வித்தியாசத்தைக் கட்டி ஹொப்பராக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹொப்பரை எடுத்துவிட்டு வேண்டாம் என்றால் பணம் திரும்பி வராது. ஒரு வழிதான் திறந்திருக்கிறது என்றால், திறந்திருக்கும் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடைசி நாளில் மாற்றினாலும் முழுச் சீட்டுக்கும் உரிய மேலதிகத்தையே கேட்பார்கள். மாற்றுவதானால் முதல் நாளிலேயே மாற்றுங்கள்.

அவசரமும் இல்லை. நான்கு நாள் சீட்டை ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தலாம் என்பதால், நடுவில் ஒரு நாள் அம்மாவுக்கு ஓய்வு கொடுக்கலாம். மிஞ்சுகிற காசில், சவாரிகளுக்கு விரைவு வரிசையில் போக விடுகிற லைட்னிங் லேன் என்ற கட்டண வசதியை எடுத்தால், மஜிக் கிங்டத்தில் வெயிலில் வரிசையில் நிற்கும் நேரமாவது குறையும்.

நிலாவெளிக் கடற்கரை:

இதில் அண்ணாவோடு உடன்படுகிறேன். ஆனால் நாம் எல்லோரும் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம். சீட்டு ஆளாளுக்குத் தனித்தனி. குடும்பம் முழுவதும் ஒரே வகை எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்து பேருக்கும் ஹொப்பர் எடுத்தால், அம்மாவினதும் சின்னவனினதும் சீட்டுகள் மாலையில் வெறுமனே கிடக்கும். 11 வயது மகளுக்கும் அவளோடு போகிற ஒரு பெரியவருக்கும் மட்டும் எடுங்கள். உங்கள் அக்கா தன் பக்கத்துக்கு எப்படியும் எடுப்பார்.

உட்துறைமுக வீதி:

நேற்றிரவு அக்காவுடன் பேசினேன். அவரும் இதைத்தான் யோசித்திருக்கிறார். மகளுக்கும் மனைவிக்கும் ஹொப்பர், எனக்கும் அம்மாவுக்கும் மகனுக்கும் சாதாரணச் சீட்டு. அனிமல் கிங்டம் அன்று மூன்று மணிக்கு நானும் அம்மாவும் மகனும் அறைக்குத் திரும்புவோம், மற்றவர்கள் எப்கொட்டுக்குப் போவார்கள். மகளிடம் சொன்னபோது எந்த நாட்டு மண்டபத்துக்கு முதலில் போவது என்று கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டாள்.

பாலையூற்று வாசகர்:

அக்கா போகிறாள் என்று சின்னவன் அழாமல் இருக்க வேண்டுமே.

உட்துறைமுக வீதி:

தங்குமிடத்தில் நீச்சல் தடாகம் இருக்கிறது, ஐயா. மூன்று மணிக்கு நானும் அவனும் தண்ணீருக்குள் இறங்குவோம் என்று இன்று காலையே அவனிடம் சொல்லிவிட்டேன். அம்மா கரையில் நிழலில் இருப்பார்.