பகல் வெயிலை விடியும் வரை பிடித்து வைக்க: தண்ணீரா, மெழுகா?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு மூட்டுவாதம். விடிய நாலரைக்கு எழும்பிச் சுடுதண்ணீரில் குளித்தால்தான் விரல்கள் மடங்கும். மொட்டைமாடியில் தட்டைப் பனல் வைத்த 200 லீற்றர் சோலர் ஹீட்டர் இருக்கிறது. நேற்று வெப்பமானியோடு ஏறிப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு 60 பாகை. விடிய நாலரைக்கு 38. இடையில் யாரும் குழாயைத் திறக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் குளித்துவிட்டு வந்து, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். பார்க்கத் தாங்கவில்லை. பரபின் மெழுகைத் தாங்கிக்குள் வைத்தால் வெப்பம் தங்குமாம். யாராவது செய்து பார்த்தீர்களா? கரண்ட் ஹீட்டர் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே.

தெஹிவளை பிளம்பர்:
தங்கச்சி, 200 லீற்றர் தண்ணீர் 22 பாகை ஆறினால் போனது 5 யூனிட்டுக்கும் மேல். போர்வையே தேவைப்படாத ஊரில் ஒரே இரவில் அவ்வளவு போகக் கூடாது. அது போகும் வழியை அடைக்காமல் மெழுகு வைத்தால் அதன் சூடும் அதே வழியால்தான் போகும்.
இரவு பத்து மணிக்குப் பனலின் மேல்முனையில் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் தண்ணீர் பின்பக்கமாக ஓடுகிறது: தாங்கியின் சுடுதண்ணீர் பனலுக்கு வந்து, வானத்தைப் பார்த்து ஆறி, கீழ்க் குழாயால் திரும்பப் போகிறது. தாங்கியின் அடி பனலின் மேல்விளிம்பை விட ஒரு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். இன்றிரவு மட்டும் கீழ்க் குழாயின் வால்வை மூடுங்கள். விடிந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை:
மெழுகு பொய்யில்லை. உருகிய ஒரு கிலோ மெழுகு உறையும்போது சுமார் 200 கிலோஜூல் தரும். ஒரு கிலோ தண்ணீர் 60இலிருந்து 40க்கு ஆறினால் 84தான். ஆனால் மெழுகுக்குள் வெப்பம் மெல்லத்தான் நகரும். குழாய் திறந்த அந்தப் பத்து நிமிடத்தில் முழுச் சூட்டையும் தராது. ஸ்பெயினில் செவிலுக்குப் பக்கத்தில் 2011இல் தொடங்கிய ஹெமசோலார் நிலையம், வெயில் போன பிறகும் 15 மணி நேரம் மின்சாரம் எடுக்கும் அளவுக்கு உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமிக்கிறது. அங்கேயும் உப்பை உறைய விடுவதில்லை. சுமார் 565 பாகைக்குச் சூடாக்கி, 290 வரை ஆற விடுகிறார்கள். உங்கள் தண்ணீர் செய்கிற வேலையேதான். நல்ல உறை போட்ட தாங்கி ஒரு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை மகள்:
அண்ணா, தொட்டேன், கையை இழுத்துக்கொண்டேன். போன வருடம் மாடித் தளத்தைத் திருத்தியபோது தாங்கியைக் கழற்றித் திரும்ப வைத்தார்கள். இப்போது தாங்கியின் அடியும் பனலின் விளிம்பும் ஒரே மட்டம்! குழாயைச் சுற்றிய கறுப்பு நுரைப்பஞ்சும் உப்புக்காற்றில் பொடிப்பொடியாக உதிர்கிறது. வால்வை மூடினேன். இன்று விடிய 51 பாகை. அம்மா பச்சைத் தண்ணீர் கலந்து குளித்தார். சனிக்கிழமை தாங்கியை உயர்த்த ஆள் வருகிறது. பஞ்சு எத்தனை அங்குலத் தடிப்பில் வாங்கட்டும்?

தெஹிவளை பிளம்பர்:
ஒரு அங்குலம் போதும். வெயில் படாமல் மேலே அலுமினியத் தாள் சுற்றுங்கள்.