விவாதம்: ராப் லேபிள்கள் பிறந்த கதையைச் சினிமா நேர்மையாகச் சொல்கிறதா?

டர்ன்டேபிள்_தாசன்
'க்ரஷ் குரூவ்' (1985) படத்தை மறுபடி பார்த்தேன். டெஃப் ஜாம் என்ற ராப் லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) பிறந்த கதை என்று சொல்லித்தான் எல்லோரும் அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். கதை இதுதான்: ரசல் என்ற இளைஞனிடம் ஹிட் பாட்டு இருக்கிறது, இசைத்தட்டு அடிக்கப் பணம் இல்லை. கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கி மாட்டிக்கொள்கிறான். லேபிளைத் தூக்கி நிறுத்துவது ரன்-டிஎம்சி என்ற ராப் குழு.

நிஜத்தில் ரன்-டிஎம்சி அப்போது புரொஃபைல் ரெக்கார்ட்ஸ் என்ற வேறு லேபிளில் இருந்தார்கள். படத்து ரசலின் அசலான ரசல் சிம்மன்ஸ் அவர்களுக்கு மேலாளர். டெஃப் ஜாம் தொடங்கியது 1984இல், நியூயார்க் பல்கலைக்கழக விடுதியில், சிம்மன்ஸின் கூட்டாளி ரிக் ரூபின் தங்கியிருந்த அறையில். அங்கே வந்து குவிந்த டெமோ (மாதிரிப் பாட்டு) கேசட்டுகளில் ஒன்று 16 வயது ராப் பாடகர் எல்.எல். கூல் ஜேவுடையது. இவ்வளவு நல்ல கதையை விட்டுவிட்டு அடியாட்கள் எதற்கு?

கேசட்_காலம்
அந்தக் கடன்தான் படத்தின் உயிர் நண்பரே. சின்ன லேபிளுக்குத் தோல்வியைவிட ஹிட் ஆபத்தானது. தட்டு அடிக்கும் ஆலை உடனே பணம் கேட்கும், விநியோகஸ்தர் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். பாட்டு ஓட ஓட இன்னும் தட்டு வேண்டும், கையில் காசு இருக்காது. இதைக் கணக்குப் புத்தகமாகக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? கந்துவட்டிக்காரன் வந்தால் மூன்றே காட்சியில் புரிந்துவிடுகிறது. ஆள் கற்பனை, நெருக்கடி கற்பனை இல்லை.

டர்ன்டேபிள்_தாசன்
நெருக்கடி உண்மை, சரி. ஆனால் டெஃப் ஜாம் அதிலிருந்து தப்பித்த வழியைப் பாருங்கள். அதன் முத்திரையோடு வந்த முதல் ராப் தட்டு 'இட்ஸ் யுவர்ஸ்'. அதை வெளியிட்டது இசைத் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கரின் நிறுவனம். 1985இல், படம் வந்த அதே ஆண்டு, கொலம்பியா ரெக்கார்ட்ஸோடு விநியோக ஒப்பந்தம். வீரத்தால் கரையேறவில்லை, பெரிய நிறுவனத்தின் தோளில் ஏறித்தான் கரையேறினார்கள். படம் பார்த்தவர் மனதில் நிற்பதோ தனியாளாக ஜெயித்த ரசல். ராப் கலைஞர்களின் பணம் எங்கே போனது என்ற கேள்வியே அதனால் எழாமல் போகிறது.

கேசட்_காலம்
அப்படியானால் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' (2015) உங்களுக்குப் பிடிக்க வேண்டுமே! ஈஸி-ஈ தொடங்கிய ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸ் லேபிளில் வளர்ந்த என்.டபிள்யூ.ஏ. ராப் குழுவின் கதை, அந்தப் படமே ஒப்பந்தத்தைப் பற்றியதுதான். 75,000 டாலர் காசோலையை மேசையில் வைத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள், வக்கீலிடம் காட்டாமல் போடமாட்டேன் என்று குழுவில் ஒருவரான ஐஸ் கியூப் எழுந்து போகிறார். ஒரு லேபிள் உடையும் கணத்தை இதைவிடத் தெளிவாக நான் திரையில் பார்த்ததில்லை.

டர்ன்டேபிள்_தாசன்
நல்ல காட்சிதான். ஆனால் தயாரிப்பாளர் பட்டியலைப் பாருங்கள்: ஐஸ் கியூப், அதே குழுவின் டாக்டர் டிரே, மறைந்த ஈஸி-ஈயின் மனைவி. பழி முழுக்க மேலாளர் ஜெர்ரி ஹெல்லர் தலையில் விழுகிறது. அவர் அவதூறு வழக்குப் போட்டார், பெரும்பகுதி தள்ளுபடியானது, 2016இல் இறந்தார். அவர் நல்லவர் என்று வாதாட நான் வரவில்லை. பங்காளிகளில் இருவர் சொன்ன கணக்கை மட்டும் வைத்துக் கம்பெனி வரலாறு எழுதக் கூடாது என்கிறேன்.

நிலா_ரிதம்
இரண்டு பேரும் பணத்திலேயே நிற்கிறீர்கள். 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' படத்தில் ஜே.ஜே. ஃபேட் ராப் குழு எங்கே? மூன்று பெண்கள். 1988இல் 'சூப்பர்சோனிக்' பாட்டோடு ரூத்லெஸ் ரெக்கார்ட்ஸுக்குப் பெரிய வெற்றி தந்தவர்கள். ராப்புக்கு கிராமி விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே பரிந்துரைப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களும் இல்லை, அந்தப் பாட்டை உருவாக்கியதில் பங்குள்ள, என்.டபிள்யூ.ஏ.வின் தொடக்ககால உறுப்பினர் அரேபியன் பிரின்ஸும் இல்லை. 1991இல் டாக்டர் டிரே தாக்கிய பத்திரிகையாளர் டீ பார்ன்ஸும் இல்லை. படம் வெளியானபோது அந்தச் சம்பவம் மறுபடி பேசப்பட்டது, அதன் பிறகுதான் டிரே பத்திரிகை வழியாக மன்னிப்புக் கேட்டார்.

கேசட்_காலம்
டீ பார்ன்ஸ் விஷயத்தில் மறுபேச்சு இல்லை, அதை மறைத்தது தவறு. ஜே.ஜே. ஃபேட் வேறு. ஐந்து பேர் கதைக்கே நேரம் போதவில்லை. லேபிளில் இருந்த எல்லோரையும் கொண்டுவந்தால் அது ஆவணப்படமாகிவிடும்.

நிலா_ரிதம்
படம் 147 நிமிடம். ஹோட்டல் விருந்தும் நீச்சல்குள விருந்தும் எவ்வளவு நேரம் ஓடுகின்றன? அவற்றில் பெண்கள் நிறையவே வருகிறார்கள், ஒருவருக்கும் மைக் கிடையாது. இது நேரப் பற்றாக்குறை இல்லை அண்ணா. எந்தப் பெண்ணைக் காட்டுவது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அதே லேபிளில், அதே டிரேயின் தயாரிப்பில், நடனமாட வைக்கிற பாட்டு விற்றுத் தள்ளியது என்று ஒரே ஒரு காட்சி வைத்திருந்தால் கதை குறைந்திருக்காது. ரூத்லெஸ் எதை விற்று வளர்ந்தது என்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்திருக்கும்.