ஓக் தீவு புதையல்: இதுல மூலப்பத்திரம் இருக்குறது எது, வாய்க்கதை எது?

சாத்தூர்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா நாப்பது வருஷம் பத்திர எழுத்தரா இருந்தவரு, இப்ப வீட்டுலதான் இருக்காரு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் கனடாவுல இருக்குற ஓக் தீவு புதையல் பத்தி வர்ற டிவி தொடரை ஒண்ணா உக்காந்து பாக்குறோம், 2014ல ஆரம்பிச்சது, இன்னும் தோண்டி முடிஞ்சபாடில்ல. தெரியாதவங்களுக்காக கதைய சுருக்கமா சொல்லிடுறேன். நோவா ஸ்கோஷியாவுல மஹோன் பேன்னு ஒரு விரிகுடா, அதுக்குள்ள சுமார் 140 ஏக்கர்ல ஒரு தீவு. 1795ல மூணு பசங்க ஒரு ஓக் மரத்தடியில மண்ணு உள்வாங்கி கெடக்குறத பாத்து தோண்டுறாங்க, பத்து பத்து அடிக்கு ஒரு மரக்கட்டை அடுக்கு வருதாம், முப்பது அடியில முடியாம விட்டுடுறாங்க. சில வருஷம் கழிச்சு ஆன்ஸ்லோ கம்பெனின்னு ஒரு கூட்டம் வந்து 90 அடி வரைக்கும் போகுது, அங்க என்னமோ குறி வெட்டுன கல்லு ஒண்ணு கெடைக்குது, அடுத்து வந்து பாத்தா குழி பூரா தண்ணி. தோண்டுறவன மூழ்கடிக்க கடல்லருந்து சுரங்கம் வெட்டி பொறி வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க.

அப்பா ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரே கேள்விதான் கேக்குறாரு, "இதுக்கு மூலப்பத்திரம் எங்கடா?"ன்னு. எனக்கு பதில் சொல்லத் தெரியல. நெட்ல தேடுனா கடற்கொள்ளைக்காரன் கேப்டன் கிட், சிலுவைப்போர் காலத்து டெம்ப்ளர் வீரர்கள், பிரெஞ்சு ராணி நகை, ஷேக்ஸ்பியர் கையெழுத்துப் பிரதின்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எல்லாருமே நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்காங்க. நிஜமாவே ஆதாரம் உள்ளது எவ்வளவு? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க, அப்பாகிட்ட படிச்சுக் காட்டணும்.

பழையதாள்:
அப்பா கேட்டதுதான் கேக்க வேண்டிய கேள்வி. மொதல்ல பத்திரம் உள்ளத சொல்லிடுறேன். அந்தத் தீவை 1762லயே அளந்து 32 மனையா பிரிச்சாச்சு, அதனால யாருமே கால் வைக்காத மர்மத் தீவுன்னு சொல்றது தப்பு. கதையில வர்ற மூணு பேருல ஜான் ஸ்மித் 1795ல அங்க ஒரு மனை வாங்குனதுக்கு பதிவு இருக்கு, மத்த ரெண்டு பேரு டேனியல் மெக்கின்னிஸும் ஆண்டனி வானும் நெசமான ஆளுங்கதான். ஆளு இருக்கு, நெலம் இருக்கு. ஆனா தோண்டுனதுக்கு? அந்தக் காலத்துல எழுதுன ஒரு கடுதாசியோ கணக்குப் புத்தகமோ இதுவரைக்கும் யாரும் எடுத்துக் காட்டல. மெக்கின்னிஸ் கதை நமக்குத் தெரிஞ்சு மொதமொதல்ல அச்சுல வர்றது 1857ல, அதாவது 62 வருஷம் கழிச்சு. தண்ணி வந்தது, கட்டை அடுக்கு, 90 அடி இதெல்லாம் விவரமா வர்றது 1860கள்ல, அது புதுசா கம்பெனி சேர்த்து பங்கு பிரிச்சு தோண்டிக்கிட்டு இருந்த நேரம். அதுக்காக எல்லாம் பொய்யுன்னு நான் சொல்லல. அறுபது வருஷம் வாய்வழியா வந்த விஷயத்த, அதுல பணம் போட்டவங்க சொல்லிக் கேக்குறோம்ங்கறத மட்டும் மனசுல வச்சுக்கணும்.

இப்ப அந்தக் கல்லுக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். "நாப்பது அடி கீழ இருபது லட்சம் பவுண்டு புதைச்சிருக்கு"ன்னு அதுல எழுதியிருந்ததா எல்லா வீடியோவுலயும் வருதுல்ல, கூடவே முக்கோணம் புள்ளி வட்டம்னு குறிகளையும் வரிசையா காட்டுவாங்க. 1860கள்ல கல்ல பத்தி பேச்சு வருது, ஆனா அந்தக் குறிகள் என்னன்னு யாரும் வரைஞ்சு காட்டல. இன்னிக்கு நாம பாக்குற குறிகள் ஒரு புத்தகத்துல அச்சானது 1949ல. கணக்கு போட்டுப் பாருங்க, கல்லு கெடைச்சதா சொல்ற காலத்துக்கும் அதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 145 வருஷம். கல்லு ஸ்மித் வீட்டு அடுப்பங்கரையில பதிச்சிருந்ததாம், அப்புறம் ஹாலிஃபாக்ஸ்ல ஒரு புத்தகம் பைண்டிங் பண்ற கடையில தோல் அடிக்கிற கல்லா கெடந்துச்சாம், அதுக்கப்புறம் காணோம். மூலமும் இல்ல, நகலும் இல்ல, சாட்சி கையெழுத்தும் இல்ல, அப்பாகிட்ட இந்தப் பத்திரத்தை கொண்டு போனா என்ன சொல்லுவாருன்னு நீங்களே யோசிங்க.

1849ல ட்ரில் போட்டப்ப மூணு தங்கச் சங்கிலி கண்ணி மேல வந்ததா சொல்றதும் இந்த ரகம்தான், அது இன்னிக்கு எங்கயும் இல்ல.

கேப்டன் கிட் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. அவரு நெசமாவே புதைச்சாரு, ஆனா நியூயார்க் பக்கம் கார்டினர்ஸ் தீவுல, 1699ல. அதையும் உடனே தோண்டி எடுத்து வழக்குல சாட்சியமா லண்டனுக்கு அனுப்பிட்டாங்க, 1701ல அவர தூக்குலயும் போட்டாச்சு. அந்த ஒரு சம்பவம்தான் அந்தக் கடற்கரை பூரா நூறு வருஷத்துக்கு மேல எல்லாரையும் தோண்ட வச்சது. ஓக் தீவோட அவர சேர்த்துவைக்க ஒரு துண்டுத் தாள் கூட கெடையாது. டெம்ப்ளர், ஷேக்ஸ்பியர் எல்லாம் அதுக்கும் பின்னாடி வந்த சேர்க்கை.

போர்வெல்_ராம்நாடு:
தண்ணி பத்தி நான் சொல்றேன் சார், இருபத்தஞ்சு வருஷமா கடற்கரை ஊர்கள்ல போர் போடுறவன். கடல் ஓரத்துல மண்ணுக்கு கீழ நல்ல தண்ணி ஒரு படலமா உப்புத் தண்ணி மேல மிதக்கும், அத அளவா எடுத்தா நிக்கும், பெரிய மோட்டார் வச்சு உறிஞ்சுனீங்கன்னா உப்பு மேல ஏறிடும், எங்க ஊர்ல இதனால வீணாப்போன கிணறு எத்தனையோ. ஒரு சின்னத் தீவுல கடல் மட்டத்துக்கு கீழ போயி தோண்டிட்டு தண்ணி வந்துச்சுன்னா அதுல ஆச்சரியப்பட எனக்கு ஒண்ணும் தெரியல. அந்தத் தீவோட அடியில சுண்ணாம்புப் பாறையும் ஜிப்சம் வகையும் இருக்கு, ரெண்டும் தண்ணியில கரையிறது, கரைஞ்சு பொந்தாகும், மேல உள்ள மண்ணு ஒருநாள் அப்படியே உள்ள போயிடும். 1878ல அங்க ஒரு அம்மா மாடு பூட்டி உழுதுக்கிட்டு இருக்கும்போது மாட்டுக் கால் கீழ தரை உள்வாங்கி குழியாயிருக்கு. மரத்தடி பள்ளத்துக்கும் அந்தக் காரணமே போதும்.

சாயம் ஊத்திப் பாத்ததுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு. 1898ல குழிக்குள்ள செவப்புச் சாயத்த ஊத்துனாங்க, அது தென்கரைப் பக்கம் மூணு எடத்துல வெளிய வந்ததா சொல்றாங்க. மனுசன் வெட்டுன ஒரே சுரங்கம்னா ஒரே எடத்துல வரணும்ல, எதுக்கு மூணு எடம், வெடிப்பு வழியா போனாத்தான் அப்படி வரும். 1995ல வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்துக்காரங்க வந்து ஆராய்ஞ்சுட்டு, தீவோட நல்ல தண்ணிப் படலமும் கடல் ஏத்த இறக்க அழுத்தமும் சேர்ந்து இயற்கையாவே இது நடக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னாங்க. ட்ரில்லு வச்சு பொழைக்கிறவன் நான் அதத்தான் நம்புவேன்.

கதம்பைக்காரி:
எல்லாத்தையும் இயற்கைன்னு ஒதுக்கிடாதீங்க அண்ணா, தேங்கா நாரு ஒண்ணு பாக்கி இருக்கு. எங்க வீடு ஈத்தாமொழி பக்கம், தாத்தா காலத்துல இருந்து கதம்பை அழுக வைக்கிற தொழில், அதான் தேங்காமட்டைய காயல் ஓரத்துல மாசக்கணக்குல ஊறப்போட்டு, அந்த நாத்தத்தோட அடிச்சு நார் எடுக்குறது. உப்புத் தண்ணியில கெடந்தாலும் லேசுல மக்காத நாரு இது, அதனாலதான் கப்பல் கயித்துக்கு அத தேடித் தேடி வாங்குனாங்க. 1850ல ஸ்மித்ஸ் கோவ்னு அந்தத் தீவோட கடற்கரையில மணலுக்கு அடியில இதே நாரை தோண்டி எடுத்தாங்க. தென்னை மரம் ஒண்ணு கூட நிக்க முடியாத குளிரு ஊர்ல! இது வாய்க்கதை இல்ல, பின்னாடி எடுத்த நாரை லேப்ல கார்பன் டேட்டிங் பண்ணியிருக்காங்க, 1200க்கும் 1400க்கும் நடுவுலன்னு வந்துச்சு.

இங்கதான் எனக்கு மனசு நிக்குது. அட்லாண்டிக் பக்கம் இன்னிக்கு இருக்குற தென்னையெல்லாம் நம்ம இந்தியப் பெருங்கடல் பக்கத்து வம்சம், போர்ச்சுகீசுக்காரங்க 1500 வாக்குல கொண்டு போனதுன்னு 2011ல வந்த டிஎன்ஏ ஆய்வு சொல்லுது. அப்ப அதுக்கு முந்தின நாரு அங்க எப்படி? எனக்கு பதில் இல்ல. ஆனா ஒண்ணு, நாரோட வயசு காய் காய்ச்ச வருஷத்தத்தான் சொல்லும், அத எப்ப மண்ணுல போட்டாங்கன்னு சொல்லாது. கப்பல்ல சரக்கு ஆடாம இருக்க நாரை சுத்தி அடைப்பாங்க, அந்த வழியா கரைக்கு வந்திருக்கலாம், அது என் ஊகம். நாரு இருக்குறது உண்மை, அத வச்சு புதையல் வரைக்கும் கயிறு திரிக்கிறது வேற.

தோட்டத்துவீடு:
இத எழுதாம போக முடியல. எல்லாரும் தங்கத்த பத்தி பேசுறோம், அந்தத் தீவுல நூத்துக்கு நூறு நிச்சயமான விஷயம்னா அது செத்துப் போனவங்கதான். 1861ல பம்பு பாய்லர் வெடிச்சு ஒருத்தர், 1897ல குழிக்குள்ள விழுந்து ஒருத்தர். 1965 ஆகஸ்ட் 17ல நாலு பேரு. ராபர்ட் ரெஸ்டால்னு ஒருத்தர், முன்ன சர்க்கஸ்ல மோட்டார் சைக்கிள் சாகசம் பண்ணவரு, இருக்குறதையெல்லாம் விட்டுட்டு குடும்பத்தோட தீவுல வந்து குடியேறி ஆறு வருஷம் தோண்டுனாரு. அன்னிக்கு இருபத்தேழு அடி குழிய எட்டிப் பாத்தவரு விஷவாயுல மயங்கி உள்ள விழுந்துட்டாரு, அவர காப்பாத்த மகன் எறங்குனான், அவன தூக்க இன்னொருத்தர், அவர தூக்க இன்னொருத்தர். வெளிய வரல.

எங்க ஊர்ல கிணறு தூர் வாரும்போது இதே மாதிரி அண்ணன் தம்பி ரெண்டு பேரு போனதை சின்ன வயசுல பாத்திருக்கேன். பெரியவங்க மொதல்ல அரிக்கேன் விளக்க கயித்துல கட்டி எறக்குவாங்க, அணைஞ்சா யாரும் எறங்கக் கூடாது. அன்னிக்கு அவசரத்துல அத செய்யல. அதுவும் காத்து இல்லாததத்தான் காட்டும், எல்லா விஷவாயுவையும் காட்டாது. இப்ப டிவியில "ஏழாவது ஆளு செத்தாத்தான் புதையல் வெளிவரும்"னு சாபம் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. அந்த ஆறு பேரும் யாரோ வீட்டுப் புள்ளைங்க.

சாத்தூர்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முழுசையும் அப்பாவுக்கு படிச்சுக் காட்டுனேன். நோட்டுல நடுவுல கோடு போட்டு இந்தப் பக்கம் ஸ்மித் வாங்குன மனை, நாரு, பாறை, செத்தவங்க பேருன்னு எழுதுனாரு, அந்தப் பக்கம் கல்லு, சங்கிலி, கிட். ரெஸ்டால் பகுதி வந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "மகன் வயசு என்ன?"ன்னு மட்டும் கேட்டாரு.

ஒண்ணே ஒண்ணு எந்தப் பக்கம் எழுதுறதுன்னு தெரியாம நிக்குது. 1970 வாக்குல ஸ்மித்ஸ் கோவ்ல தடுப்பணை கட்டி தண்ணிய எறைச்சப்ப U வடிவத்துல பெரிய மரச்சட்டம் ஒண்ணு வெளிய வந்துச்சு, கட்டையில வெட்டு போட்டு ரோமன் எண் குறிச்சிருந்தாங்க. தொடர்ல அத ரகசியக் குறின்னு சொல்றாங்க. தச்சு வேலை தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

உளிச்சத்தம்:
தம்பி, நாங்க நிலை, கூரை எல்லாம் பட்டறையிலயே வெட்டி இழைச்சு, எது எதோட சேரணும்னு மூட்டுக்கு மூட்டு உளியால குறி போட்டுத்தான் வண்டியில ஏத்துவோம், இல்லாட்டி வீட்டுல வந்து பூட்டும்போது கட்டை மாறிடும். வெள்ளக்காரத் தச்சங்க அதுக்கு ரோமன் எண்தான் போட்டாங்க, உளிக்கு நேர்கோடு சுலபம், வளைவு கஷ்டம். அங்க பழைய வீடு, களஞ்சியம் பிரிச்சாலும் இதே குறி இருக்கும். ஆளு வேலை செஞ்ச எடம்ங்கறது உறுதி, படகுத்துறையா, மீனுக்கு உப்பு காய்ச்சுன எடமா, பின்னாடி தோண்ட வந்தவங்க போட்டதான்னு கட்டைய பாக்காம நான் சொல்ல மாட்டேன். அப்பாகிட்ட இந்தப் பக்கமே எழுதச் சொல்லுங்க, "மரவேலை, யாருன்னு தெரியல"ன்னு.