'மாயா பஜார்' பார்த்த பிள்ளைகளைச் சொந்தக் கருத்து எழுத வைப்பது எப்படி? 'சூப்பரா இருந்துச்சு'வைத் தாண்ட மாட்டேன் என்கிறார்கள்

ஞாயிறு_வகுப்பு (ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அபார்ட்மென்டில் நடக்கும் ஞாயிறு தமிழ் வகுப்பில் 9 முதல் 13 வயது வரை 18 பிள்ளைகள். பொங்கலுக்குக் கொண்டுவரும் கையெழுத்துப் பத்திரிகையில் 4 பக்கம் அவர்களுடைய திரை விமர்சனத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். படம் 1957இல் வந்த 'மாயா பஜார்', தமிழ்ப் பதிப்பு. கிளப் ஹவுஸில் திரையிடுவதாகத் திட்டம்.

பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், பாதிப் பேருக்கு எழுத்து தடுமாறும். விமர்சனம் எழுதச் சொன்னால் 'சூப்பர்', 'சக்கத்தா இருந்துச்சு' என்று ஒரு வரி வரும், அல்லது இரண்டு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் வரும். பாத்திரங்களைப் பற்றி அவர்களாகவே என்ன நினைக்கிறார்கள் என்பதை எப்படி வெளியே கொண்டுவருவது? படம் மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறதே, ஒரே மூச்சில் தாங்குவார்களா? காட்டுவது பிற்பகல் 3 மணிக்கு, ஹாலில் இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல்.

சிறார்_வட்டம்

நல்ல தேர்வு. இரண்டு ஞாயிறாகப் பிரித்துவிடுங்கள். காட்டில் கடோற்கசனும் அபிமன்யுவும் மோதி, பிறகு உறவுக்காரர்கள் என்று தெரிந்துகொள்ளும் இடத்தோடு முதல் நாள் நிறுத்தலாம். 'இனிமேல் கடோற்கசன் என்ன பண்ணுவான்?' என்று ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதித் தரட்டும். அடுத்த வாரம் தன் ஊகம் பலித்ததா என்று பார்க்கவே வந்துவிடுவார்கள்.

படம் தொடங்கும் முன் 10 நிமிடம் உறவுமுறைக்குச் செலவிடுங்கள். பிள்ளைகள் தடுக்கி விழுவது மாயத்தில் அல்ல, யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதில்தான். வத்சலா பலராமனின் மகள். கிருஷ்ணன் அவளுக்குச் சித்தப்பா, சுபத்திரை அத்தை. அபிமன்யு அந்த அத்தையின் மகன். கடோற்கசன் பீமனின் மகன், ஆகவே அபிமன்யுவுக்கு அண்ணன் முறை. லட்சுமணகுமாரன் துரியோதனன் மகன், வத்சலாவுக்குப் பேசி முடிக்கும் மாப்பிள்ளை. சார்ட் பேப்பரில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, படம் முடியும் வரை அங்கேயே விட்டுவிடுங்கள். இல்லையென்றால் 'அவங்க யாரு ஆன்ட்டி?' என்று கால்வாசிப் படம் போய்விடும். சபதம், சம்பந்தி, அரக்கன், மாயை மாதிரி ஒரு 12 சொல்லையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சப்டைட்டில் இருந்தால் அணைத்துவிடுங்கள். கண் எழுத்தின் மேல் போனால் முகபாவம் தப்பிவிடும், கடோற்கசனாக வரும் ரங்காராவின் நடிப்பையும் வத்சலாவாக வரும் சாவித்திரியின் நடிப்பையும் தவறவிடுவது நஷ்டம்.

இனி கருத்துக்கு வருவோம். 'உனக்குப் பிடித்த பாத்திரம் யார்?' என்று வாய்விட்டுக் கேட்கவே கேட்காதீர்கள். முதல் பிள்ளை 'கடோற்கசன்' என்றதும் மற்ற 17 பேரும் அதையே சொல்வார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும், பேச்சு தொடங்கும் முன்னால், ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, 3 நிமிடம், பெயர் எழுத வேண்டாம். சீட்டில் கேள்வி இது: 'எந்தக் காட்சியில் யார் மேல் உனக்குக் கோபம் வந்தது?' பிடித்தது எது என்றால் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடிக்கும் பதிலைத் தேடுவார்கள், கோபம் என்றால் தன்னுடையதைத்தான் சொல்வார்கள்.

பிறகு ஆறு ஆறு பேராக மூன்று குழு. வயதைக் கலக்காதீர்கள், 13 வயதுக்காரர் உட்கார்ந்தால் 9 வயது வாயைத் திறக்காது. குழுவுக்கு ஒரு பெரியவர். அவர் வேலை 'எந்தக் காட்சியில்?', 'அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?' என்ற இரண்டு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது மட்டும். தன் கருத்தை அவர் சொன்னால் அன்றைய கதை முடிந்தது.

கொட்டகை_ராஜா

ஹாலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிற்பகல் 3 மணி, கண்ணாடி ஜன்னல், கறுப்பு வெள்ளைப் படம்: மூன்றும் சேர்ந்தால் திரையில் சாம்பல்தான் தெரியும். 3000 லூமென் புரொஜக்டர் இருந்தாலும் ஜன்னலை மூடாமல் பயனில்லை. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் 'ஆகா இன்ப நிலாவினிலே' படகுப் பாட்டு முழுக்க நிலவொளி, கறுப்பு கறுப்பாகத் தெரிந்தால்தான் அந்த நிலவு நிற்கும். கறுப்புச் சார்ட்டோ தடித்த போர்வையோ ஜன்னலின் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். முடியாவிட்டால் மாலை 6.30க்கு மாற்றுங்கள், அதுதான் செலவில்லாத வழி.

சாதாரண புரொஜக்டரில் 8 அடி அகலத் திரைக்குச் சுமார் 12 அடி தள்ளி வைக்க வேண்டியிருக்கும். பழைய படம் 4:3 அளவில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) இருக்கும். 8 அடி அகலமுள்ள 16:9 திரையில் அது 6 அடி அகலத்துக்குத்தான் விழும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதைப் பார்த்துவிட்டு யாராவது 'ஃபுல் ஸ்கிரீன்' பொத்தானை அமுக்கிப் படத்தை இழுத்துவிடுவார்கள். கடோற்கசன் ஏற்கெனவே போதுமான பருமன், விட்டுவிடுங்கள்.

ஒலியை வயர் வழியாகவே ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். புளூடூத்தில் பேச்சு உதட்டுக்குப் பின்னால் வரலாம். டைல்ஸ் தரையில் எதிரொலி அடித்தால் பழைய வசனம் ஒன்றும் புரியாது, தரை முழுக்க ஜமுக்காளம் விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் வரிசை திரையிலிருந்து 9 அடியாவது தள்ளி இருக்கட்டும். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில வினாடியில் புரொஜக்டர் அணைந்துவிடும், விளக்கு ஆறித் திரும்ப எரிய நேரம் பிடிக்கும். அதற்குள் பிள்ளைகள் லிஃப்டில் இருப்பார்கள். ஒரு சின்ன யுபிஎஸ் போதும்.

தாரிணி_புத்தகப்பை

சிறார்_வட்டம் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கோபத்தை மட்டும் கேட்டால் சகுனியிலேயே எல்லாரும் நின்றுவிடுவார்கள். அது எளிய பதில். இந்தப் படத்தில் பிள்ளைகள் உண்மையில் பிரிந்து நிற்பது லட்சுமணகுமாரன் விஷயத்தில். அவனாக நடிக்கும் தங்கவேலு வரும்போதெல்லாம் சிரிப்பு. கடைசியில் கல்யாணப் பந்தலில் மாயா வத்சலா (வத்சலா உருவெடுத்த கடோற்கசன்) அவன் காலை மிதித்து, உருவம் மாறி மாறிப் பயமுறுத்தும்போதும் சிரிப்பு. அங்கே கேளுங்கள்: 'இவன் என்ன தப்புப் பண்ணினான்?' தற்பெருமைக்காரன், சரி. ஆனால் சூழ்ச்சி சகுனியுடையது, சம்பந்தம் பேசியது பெரியவர்கள். 'பாவம் இல்ல அவன்?' என்று ஒரு குரல் வந்துவிட்டால் மீதி அரை மணி நேரம் நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளிடமிருந்து இன்னொன்று கிளம்பும்: சின்ன வயதில் அபிமன்யுவுக்கு என்று பேசினார்கள், பாண்டவர்கள் நாட்டை இழந்ததும் மாற்றிக்கொண்டார்கள், வத்சலாவை யாராவது கேட்டார்களா? இதற்குப் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அப்படியே ஒலிப்பதிவு பண்ணிக்கொள்ளுங்கள், பத்திரிகையின் நல்ல பக்கம் அதுதான்.

அத்தை மகனைக் கட்டிக்கொள்வதா என்று கட்டாயம் யாராவது முகம் சுளிப்பார்கள், பின்வரிசையில் கெக்கலி கேட்கும். 'நம்ம பக்கம் பல குடும்பத்தில் அது வழக்கம், இப்போ குறைஞ்சிருக்கு' என்று ஒரு வரியில் முடித்துவிட்டு நகருங்கள். மழுப்பினால்தான் நாள் முழுக்க அதையே பேசுவார்கள்.

மாயத்தை வைத்துக் கேட்க இரண்டு நல்ல இடம். கிருஷ்ணன் தரும் பிரியதர்சினிப் பெட்டி, திறப்பவருக்குப் பிரியமானதைக் காட்டும். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான், அவள் அம்மா ரேவதிக்கு நகை தெரிகிறது. பிள்ளைகள் 'அட, வீடியோ கால்' என்பார்கள், சிரித்துவிட்டு, 'பலராமன் திறந்தால் என்ன தெரியணும், ஏன்?' என்று படத்தை அந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். படம் சொல்லும் பதிலோடு தாங்கள் சொன்னதை ஒப்பிடுவார்கள், பாத்திர ஆராய்ச்சி தானாக நடந்துவிடும். இன்னொன்று சத்திய பீடம். அதன் மேல் ஏறினால் சகுனி மனத்தில் உள்ளதை எல்லாம் கொட்டிவிடுகிறான். படத்தில் வேறு யாரை அதன் மேல் ஏற்றலாம், அவர் என்ன சொல்வார் என்று 5 வரி எழுதச் சொல்லுங்கள். அரக்கன்தான் இந்தக் கதையில் நல்லவன் என்பதையும் விட்டுவிடாதீர்கள். 12, 13 வயதுக்கு இன்னொரு கேள்வி: இவ்வளவு பேச்சும் பாண்டவர்களைச் சுற்றித்தான், ஆனால் அவர்கள் ஐவரும் திரையில் வருவதே இல்லை. ஏன் அப்படி வைத்திருப்பார் இயக்குநர் கே.வி. ரெட்டி?

எழுத்துக்கு: கதை சொல்ல 2 வாக்கியம்தான் அனுமதி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கதைச் சுருக்கம் வருவதற்குக் காரணம், அவர்களுக்கு அது பரீட்சை விடைத்தாள் மாதிரி தெரிவதுதான். எழுதத் தடுமாறுபவர்கள் ஃபோனில் ஒன்றரை நிமிடம் பேசட்டும், ஒருவர் அதை அப்படியே எழுதிக் கொடுக்க, பிள்ளை தன் கையால் பிரதி எடுக்கட்டும். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள். 'இருந்துச்சு'வை 'இருந்தது' ஆக்கினால் 18 விமர்சனமும் ஒரே வாத்தியார் எழுதியது போல ஆகிவிடும்.

ஞாயிறு_வகுப்பு

ரொம்ப நன்றி. மாலைக்கே மாற்றிவிடுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். 5, 6 வயதுத் தம்பி தங்கைகளும் கூடவே வருவார்கள், பயப்படுவார்களா? அப்புறம், இப்படிப் பொது இடத்தில் போட அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

சிறார்_வட்டம்

குட்டிகளை இரண்டாம் ஞாயிறு மட்டும் வரச் சொல்லுங்கள். முதல் பாதியில் அவர்களுக்கு வேலை குறைவு, கடோற்கசன் முதலில் வரும் காட்சியில் மிரளவும் வாய்ப்புண்டு. 'கல்யாண சமையல் சாதம்' பாட்டு இரண்டாம் பாதியில்தான், அதற்காகவே வரலாம். பந்தல் காட்சியில் பெரியவர் மடியில் இருக்கட்டும். அந்தப் பாட்டில் லட்டு தானாக வாய்க்குள் போவதைப் பார்த்துவிட்டு எப்படி என்று துளைத்தெடுப்பார்கள். ஃபோனை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, தட்டிலிருந்து ஒவ்வொரு லட்டாக எடுத்துக்கொண்டே ஒவ்வொரு படமாக எடுங்கள். வினாடிக்கு 10 படம் வீதம் ஓட்டினால் தட்டு தானாகக் காலியாகும், பின்னோக்கி ஓட்டினால் தானாக நிரம்பும். ஃபோன் இம்மியளவு நகர்ந்தாலும் தட்டு குதிக்கும், ஸ்டாண்டை மேஜையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

சட்டப்புள்ளி

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளியான மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1957 படம் என்றால் 2017 முடிவோடு படத்தின் உரிமைக்காலம் தீர்ந்தது. ஆனால் பாட்டு, வசனம் எழுதியவர்களுக்குத் தனிக் கணக்கு, அவர்கள் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60. பிறகு வண்ணம் ஏற்றிய பதிப்பு, புதிதாகச் செப்பனிட்ட பதிப்பு என்று வந்தால் அவற்றுக்குப் புது உரிமை கோரலாம், ஆகவே கறுப்பு வெள்ளை அசலையே போடுங்கள்.

கல்வி நிறுவனம் தன் மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் காட்டினால் பிரிவு 52இல் விலக்கு உண்டு. அபார்ட்மென்ட் வகுப்பு அந்த வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. டிக்கெட்டோ நன்கொடை உண்டியலோ வைக்காதீர்கள், வாட்ஸாப்பில் ஊர் முழுக்க அழைப்பு அனுப்பாதீர்கள். ஓடிடி சந்தா பெரும்பாலும் வீட்டுப் பார்வைக்கு மட்டும்தான், அந்தக் கணக்கை ஹாலில் திறப்பது சந்தா நிபந்தனைக்கு எதிரானது. சட்டப்படி விற்ற டிஸ்க் கிடைத்தால் அதுவே மேல். அடுத்த முறை புதுப் படம் போடுவதாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தணிக்கைச் சான்றிதழில் வயதையும் பாருங்கள், 2023 திரைப்படச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கும் வகை) என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 9 வயதுப் பிள்ளை இருக்கும் கூட்டத்துக்கு 13+ படம் என்றால் அந்தந்தப் பெற்றோரிடம் முதலில் கேட்க வேண்டும்.