'இந்தியத் தமிழர்' என்று பதிவதா, 'இலங்கைத் தமிழர்' என்று பதிவதா?

ஹட்டன்வாசி: 1981 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 'இந்தியத் தமிழர்', அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் நாம், 818,656 பேர். 2012இல் 839,504. முப்பத்தொரு வருடத்தில் கூடியது இருபதாயிரத்துச் சொச்சம்தான். நாட்டின் சனத்தொகையோ ஒன்றரைக் கோடிக்குக் கிட்ட இருந்து இரண்டு கோடியைத் தாண்டிவிட்டது. நம் சனம் எங்கே போனது? 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்து பதிந்தே கரைந்துபோனோம்.

கொழுந்துக்கூடை: கணக்கை முழுசாகச் சொல்லுங்கள் அண்ணன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. 1984 வரை தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். இனக் கலவரத்துக்குப் பயந்து போனவர்கள் வேறு. எங்கள் அப்பா என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று போட்டார். 1948 சட்டத்தில் பிரஜாவுரிமை இழந்த குடும்பம். 'இந்திய' என்ற சொல்லைக் கண்டாலே அவருக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வரும்.

ஹட்டன்வாசி: அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது தம்பி. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் வீடு, காணி, பாடசாலை எல்லாவற்றிலும் நம் பங்கு குறைகிறதே!

மாத்தளையான்: வறுமைக் கணக்கை இனத்தை வைத்து எடுப்பதில்லையே. நகரம், கிராமம், தோட்டம் என்றுதான் பிரிக்கிறார்கள். இனம் எதுவானாலும் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர் அந்தக் கணக்கில் வந்துவிடுவார்.

ஹட்டன்வாசி: லயத்தை விட்டுக் கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போனவன்? அவனுக்குக் காணியும் இல்லை, தோட்டக் கணக்கிலும் இல்லை. 'இலங்கைத் தமிழர்' என்றும் பதிந்தால் அவனைத் தேடிப் பிடிக்க ஒரு தடமும் மிஞ்சாது. அப்புறம், தோட்டக் கணக்கும் எவ்வளவு சரி? 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அம்மா பதினான்கு கிலோ கொழுந்தோடு தராசடிக்குப் போனார், எடை போதாது என்று 'அரைப்பேர்', அதாவது அரைநாள் சம்பளம், போட்டு அனுப்பினார்கள். ஏட்டில் ஆயிரம், கையில் பாதி. இதைப் பேச நமக்கென்று ஒரு எண் வேண்டும்.

கொழுந்துக்கூடை: அது அநியாயம்தான், மறுக்கவில்லை.

ஹட்டன்வாசி: 'மலையகத் தமிழர்' என்று மட்டும் அன்று படிவத்தில் இருந்திருந்தால் அப்பா எழுதியிருப்பாரா?

கொழுந்துக்கூடை: சந்தோசமாக எழுதியிருப்பார். ஆனால் என் மகள் கொழும்பில் பிறந்தவள். அவளுக்கு 'இலங்கைத் தமிழர்' என்றே போட்டேன். அதை நான் மாற்றப்போவதில்லை.